முருங்கையில் தொங்கும் ஒரு பிடி மண்

ஓடி வரும் ஆளுக்காக இஞ்சினை நிறுத்தி வைக்கும் என் அப்பாவுக்கு,

சுகம்தானே என்று கேட்டுத் தொடங்கத்தான் இந்த இடக்கை போகிறது. நீங்கள் எவ்வளவு ஏசியும் மாறாத கை. அம்மாவுக்கு முழங்கால் நோ, மற்றப்படி எல்லாரும் சுகம். தம்பிக்கு உங்கள் வேலையே கிடைத்துவிட்டது, குருமண்வெளித் துறையில் பாதை ஓட்டுகிறான். வெளியூர்க்காரர் யாரும் இதை வாசித்தால், பாதை என்று நாங்கள் சொல்வது ஆற்றைக் கடக்கிற இயந்திரத் தெப்பத்தை. கிழக்கே எழுவான்கரையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி மேற்கே படுவான்கரையில் இறக்கும். உங்களைப்போலத் தம்பி யாருக்கும் காத்து நிற்பதில்லையாம். துறையில் இன்னும் உங்கள் பேச்சுத்தான்.

வருகிற மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். அதற்கு வருவதா விடுவதா என்று இங்கே அமெரிக்காவில் இருந்துகொண்டு நாலு மாதமாக மண்டையை உடைக்கிறேன்.

விசாக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். உள்ளே இருந்து படிக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் கடவுச்சீட்டில் ஒட்டின விசா முடிந்துவிட்டது. வெளியே போனால், கொழும்பில் தூதரகத்தில் மறுபடி நேர்முகத்துக்குப் போய், அவர்கள் விசா தந்தால்தான் திரும்பி வரலாம். இதை நான் அரை மணித்தியாலம் விளக்க, நீங்கள் ஒரே மூச்சில் முடித்தீர்கள். "அப்ப போகலாம், திரும்பி வாறத்துக்குக் கடைசிப் பாதை நிக்குமோ எண்டுதான் தெரியா. அதானே மனே?" ஓம் அப்பா, அதேதான்.

என்னோடு படித்த நேபாளத்துக்காரன் ஒருவன் அக்காவின் கல்யாணத்துக்கென்று மூன்று கிழமை லீவில் போனான். நேர்முகத்தில் மேலதிக விசாரணை என்று சொல்லி அனுப்பினார்கள். எட்டு மாதமாகிறது, ஆள் வரவில்லை. அவனுடைய அறைச் சாமான்களை நாங்கள்தான் பெட்டியில் கட்டினோம். அவனது ரைஸ் குக்கரில்தான் இப்போது நான் சோறு ஆக்குகிறேன்.

பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களின் அலுவல் பார்க்கிற பெண்ணிடமும் போனேன். டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். போகாதே என்றும் சொல்ல மாட்டாளாம், போனால் திரும்பலாம் என்றும் சொல்ல மாட்டாளாம். இன்னும் ஒன்பது மாதத்தில் முடிகிற படிப்பு, நன்றாக யோசி என்றாள். யோசிப்பதைத் தவிர வேறு என்னத்தைச் செய்கிறேன் நான்?

போன வருசம் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இதே யோசனைதான். நீங்களே போனில் கோல் எடுத்தீர்கள். "நீ வராத மனே. வந்து மாட்டுப்பட்டா அஞ்சு வருசப் படிப்பும் ஆத்தோட போயிரும். எனக்கு ஒண்டுமில்ல." நான் அழுதேன். ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீங்கள் அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. முடிவை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், இனி நான் எடுக்கத் தேவையில்லை என்ற நிம்மதி. அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். மூத்தவன் செய்ய வேண்டியதையெல்லாம் தம்பி செய்தான். யாரோ பிடித்திருந்த போனில், விட்டு விட்டு வந்த வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் குழிக்குள் பிடி மண் போட்டார்கள். தம்பி தன் பங்கைப் போட்டுவிட்டு, இன்னொரு பிடியை அள்ளிக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டான். "இது அண்ணண்ட. அவர் வந்து போடட்டும்." சுடலை மண்ணை வீட்டுக்குள் எடுக்கக் கூடாதென்பது அவனுக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. அம்மா வாசல் படலையிலேயே மறித்துவிட்டா. அன்றிலிருந்து அது ஜாம் போத்தலில், சொப்பிங் பேக் ஒன்றுக்குள், வேலியோர முருங்கையில் தொங்குகிறது. மாரிக்கு இரண்டு தரம் பேக்கை மாற்றினானாம்.

பார்சலில் அனுப்பட்டா என்றும் ஒருநாள் கேட்டான். மண்ணை இந்த நாட்டுக்குள் விட மாட்டார்கள் என்றேன். "மண்ணுக்குமா விசா?" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

போன கிழமை அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எத்தின நாளைக்கு அதத் தொங்கவிடுற? திவசத்துக்குள்ள ஒண்டில் நீ வா, இல்லாட்டி அவன் கொண்டுபோய்ப் போட்டிட்டு வரட்டும்." நான் எல்லாருக்கும் சொல்கிற பதிலையே அம்மாவுக்கும் சொன்னேன். "அப்பாதானே வர வேணாம் எண்டவர்."  அம்மா கோபமே இல்லாமல் சொன்னா. "உனக்கு அப்பிடித்தான் சொன்னவர். எங்களிட்ட, கடைசி ரெண்டு நாளும், மூத்தவன் வெளிக்கிட்டிட்டானா, எங்க வந்திட்டான் எண்டு கேட்டுக்கொண்டே கிடந்தவர்."

வாசலைப் பார்த்தபடியா கேட்டீர்கள்? கண்ணை மூடிக்கொண்டா? அம்மா உங்களுக்கு என்ன பதில் சொன்னா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

தூரத்தில் ஒரு ஆள் ஓடி வருவதைக் கண்டால் துறையில் இஞ்சினை நிறுத்திவிடுவீர்கள். ஏறினவர்கள் ஏசுவார்கள். "ஆள் வருது, பொறுங்க" என்பீர்கள். எனக்காகவும் அப்படித்தான் இரண்டு நாள் நின்றிருக்கிறீர்கள். நான் ஓடி வரவேயில்லை அப்பா.

இப்போதும் வரவில்லை. திவசத்தன்று அந்த மண்ணை நீயே போட்டுவிடு என்று நேற்றுத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். சண்டை பிடிப்பான் என்று நினைத்தேன், பிடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். "சரி அண்ணா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நீ இடக்கைதானே, நான் இடக்கையாலயே போடுறன். அம்மா ஏசினா ஏசட்டும்" என்றான்.

எப்போது வருவேன் என்று உங்களுக்கு வாக்குத் தர என்னால் ஏலாது, அது என் கையில் இல்லை. என் கையில் இருக்கிற ஒன்றைத் தருகிறேன். இனி யார் கேட்டாலும், அப்பா வர வேண்டாம் என்றார் என்று சொல்ல மாட்டேன். நான்தான் வரவில்லை என்று சொல்வேன்.

இன்னும் வெளிக்கிடாத,
உங்கள் மூத்தவன்