தூங்குகிறவன் கழுத்தில் மாலை

என் பிரியமான அண்ணனுக்கு,

நீ செய்த உருவங்களையெல்லாம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டி வைத்திருக்கிறார்கள். உன் சேக்காளி வேலுதான் அலைந்து திரிந்து இந்தச் சிற்பக் கண்காட்சியை நடத்துகிறார். மீன் ஆயும் அம்மா, சிக்கெடுக்கும் அண்ணி, இடுப்பில் சாரத்தோடு குத்தவைத்திருக்கும் நீ. வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரையும் செய்யத் தோன்றவே இல்லையா உனக்கு?

என் மகன் முருகேசனிடமிருந்து தகவலே இல்லை. பட்டாளத்தில் காஷ்மீருக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிப் போனவன்தான். மடவார் வளாகத்தில் எங்கள் தெருவுக்குள் தபால்காரர் திரும்பினாலும் பயம், திரும்பாவிட்டாலும் பயம். வத்திராயிருப்புக்கு ஒரு பட்டாளத்துப் பையனைப் பெட்டியில் வைத்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து ஜீப் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திவிடுகிறேன்.

இந்த நிலையில்தான் நேற்று திறப்பு விழாவுக்குப் போனேன். முருகேசன் லீவில் வந்தபோது உன் பட்டறையில் பனியனோடு அயர்ந்து தூங்கியதைச் சுட்ட மண்ணில் செய்தாயே, அதைத்தான் முதலில் பார்த்தேன். மல்லாந்து கிடக்கிறான். கீழே 'சிப்பாய் முருகேசன்' என்று எழுதியிருக்கிறது. கழுத்தில் மாலை, தலைமாட்டில் விளக்கு. வந்தவர்கள் கும்பிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மா என்னிடம், "பாவம், எந்த ஊருப் புள்ளையோ. கல்யாணமாச்சும் ஆயிருந்துச்சா தாயி?" என்று கேட்டாள்.

உனக்குப் போடவென்று வேலு ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டி வாங்கிய மாலையாம் அது. மண்டபத்து ஆட்கள் அவனுக்குப் போட்டுவிட்டார்கள். பட்டாளத்துப் பையன் கண்மூடிக் கிடந்தால் வேறென்ன நினைப்பார்கள்? அங்கே அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது, எனக்குத்தான் இன்னும் சொல்லவில்லை என்றே நினைத்தேன்.

விளக்கைக் குளிரவைத்தேன். மாலையைக் கழற்றினேன். வேலு ஓடிவந்தார்.

"தப்பா எடுத்துக்கிடாத தாயி. இங்க குடு, வெளிய போட்டுட்டு வாரேன்."

கொடுக்கவில்லை. உன் படத்துக்குக்கூட இதுவரை மாலை போட நான் யாரையும் விட்டதில்லை, தெரியுமா? குத்தவைத்திருந்த உன் கழுத்தில் அதைப் போட்டேன். செத்தது நீதான் அண்ணே. நீ மட்டும்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கண்காட்சி முடியும்வரை தினமும் வந்து அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பேன். யாராவது கையெடுத்துக் கும்பிட வந்தால், சத்தம் போடாதீர்கள், பிள்ளை தூங்குகிறான் என்று சொல்வேன்.

உன் தங்கச்சி,
முருகேசனின் அம்மா,
சரசு