ஆறு மணிக்குக் கூப்பிடும் செற்

தேற்றாத்தீவு,
22.04.2007

அன்புள்ள பஸ்தியாம்பிள்ளை மச்சானுக்கு,

மாதாவின் துணையால் நாங்கள் சுகம். நீங்களும் மச்சாளும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க மன்றாடுகிறோம்.

றீற்றாவை வேலையை விடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். கடிதத்தை உங்கள் தங்கைக்குக் காட்டவில்லை. காட்டினால் எனக்குத்தான் ஏச்சு விழும்.

நீங்கள் எழுதியது பொய்யில்லை. நிவாரண நிறுவனம் கொடுத்த றேடியோ செற் வீட்டுக்கு வந்த நாள் முதல் நிம்மதியில்லை. அகதி முகாமில் தண்ணீர் முடிந்தாலும் கூப்பிடும், லொறி பிந்தினாலும் கூப்பிடும். பூசை நடுவிலும் கரகரக்கும். பின்னேரம் ஆறு மணிக்கு நிறுவனக் கந்தோரிலிருந்து ஒவ்வொருவராய் எண் சொல்லி அழைப்பார்கள்; வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று பதில் சொல்ல வேண்டும். சின்னவள் தாயை அந்த எண்ணாலேயே கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

உயிர்த்த ஞாயிறன்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செற்றை நிறுத்தி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். அவள் சாப்பிட்டுவிட்டுக் களைத்துத் தூங்கிப்போனாள். நான் எழுப்பவில்லை. ஏழு மணிக்கு வாசலில் வாகனம் நின்றது. கூட வேலை செய்யும் முஹம்மட், மூன்று தரம் கூப்பிட்டும் பதிலில்லையென்று, இருட்டில் இரண்டு இராணுவச் சென்றி தாண்டித் தேடி வந்திருக்கிறார். றீற்றாவைக் கண்டதும் அந்த மனிசன் படியிலேயே குந்திவிட்டார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

பற்றரி இறங்கிவிட்டது, தன் பிழை என்று கந்தோரில் அவளே ஏற்றுக்கொண்டாள். எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். சும்மா இருங்க, இந்தக் கடிதத்தோடதான் நான் கதைக்கப் போறன் என்றாள். போய், ஆறு மணிக்குத் தவறாமல் பதில் சொல்வேன், ஆனால் ஏழு நாளும் செற்றைக் காவித் திரிய ஏலாது என்று கந்தோர்ப் பெரியவரின் முகத்துக்கு நேரே சொன்னாளாம். இப்போது ஞாயிற்றுக்கிழமை அவள் வேலையை முஹம்மட் பார்க்கிறார். வெள்ளி ஜும்ஆ நேரம் அவருடையதை இவள் பார்க்கிறாள். மற்றவர்களுக்கும் அப்படியே முறை போட்டிருக்கிறார்கள். எங்கள் றீற்றா கேட்டு வாங்கியது மச்சான்! பெருமையில் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். சோறு வடிக்கவும் பழகிவிட்டேன். குழைந்தாலும் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

தொண்ணூறில் வாழைச்சேனைக்கு வேலைக்குப் போன உங்கள் தம்பி ஜெயராஜாவை நினைத்துப் பாருங்கள். அவன் வரவில்லை என்பதே நமக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அவன் வீடு சேர்ந்தானா என்று அன்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

ஆகவே அவளை வேலையை விடச் சொல்லாதீர்கள். செற்றை இப்போது நான்தான் சார்ஜில் போடுகிறேன். ஆறு மணிக்கு, வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று அவள் சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்கிறேன். அந்த நேரம் உங்களுக்குப் பகலாயிருக்கும். நீங்களும் அவளுக்காக மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மச்சான்,
நல்லரத்தினம்