நசுங்கின டம்ளர்

மூங்கில்துறைப்பட்டு,
2-2-2025, ஞாயிறு காலை.

அன்பு மருமகள் மணிமொழிக்கு,

உன் அத்தை விஜயலட்சுமி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. கரும்பு வெட்டு முடிந்துவிட்டது. மாடு கிடேரிக் கன்று ஈன்றிருக்கிறது. நல்ல சேதி இந்த இரண்டுதான். உன் மாமனார் பத்து நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன் புருஷன் பகலவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான், வாயில் வைப்பதில்லை.

வெள்ளிமலையில் சிக்னல் கிடைக்கவில்லை என்று உன் அம்மா கண்ணகி சொல்வது பாதி உண்மை. என் குரலைக் கேட்டதும் நீ கட் பண்ணிவிடுகிறாய் என்பது மீதி. அதுவும் நல்லதுக்குத்தான். போனில் என் வாய் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாது. காகிதம் என்றால் தப்பாக வந்ததை அடித்துவிடலாம். இதில் இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துப் பார்க்காதே.

முதலில் அந்தப் பேச்சுக்கு வருகிறேன். அன்றைக்குக் களத்தில் நீ விழுந்து கைகால் வெட்டி இழுத்தபோது பயந்துபோனேன். உன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தேன், வாயில் தண்ணீர் ஊற்றப் போனேன். கரும்பு வெட்ட வந்த ஆட்கள் சுற்றி நின்றார்கள். நீ கண் திறக்கிற நேரம் பார்த்து, "சீக்குப் புடிச்ச பொண்ண நம்ம தலையில கட்டிட்டாங்களே" என்று கத்தினேன். உனக்குக் கேட்டிருக்காது என்று இத்தனை நாளும் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கேட்டதால்தானே அன்று மாலையே பஸ் ஏறினாய். தப்பு செய்துவிட்டேன், மணி. பயத்தில் வந்த வார்த்தை என்று சாக்குச் சொல்ல மாட்டேன். பயம் வந்தால் மற்றவர்கள் சாமியைக் கூப்பிடுகிறார்கள், எனக்கு வசவு வருகிறது.

நீ போன பிறகு உன் அலமாரியில் இருந்த 'சத்து மாத்திரை' டப்பாவைத் திறந்து பார்த்தேன். கேட்காமல் திறந்தது தப்புதான், அதையும் இதோடு சேர்த்துக்கொள். உள்ளே அட்டை அட்டையாக வேறு ஏதோ மாத்திரை. மார்கழி முதல் தேதி வாங்கின பில் கூடவே இருக்கிறது, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. பகலவனை உட்கார வைத்துக் கேட்டேன். பத்தாவது படிக்கும்போதே உனக்கு வலிப்பு உண்டு என்றும், கல்யாணமான மாதமே நீ அவனிடம் சொல்லிவிட்டாய் என்றும் சொன்னான். உன் மாமனாருக்கும் தெரியுமாம்! இந்த வீட்டில் தெரியாத ஒரே ஆள் நான். அடேயப்பா, எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்புறம் ஆற அமர யோசித்தேன். மூன்று பேர் சேர்ந்து ஒருத்திக்கு மட்டும் மறைத்தால், கோளாறு அந்த ஒருத்தியிடம்தான் இருக்க வேண்டும்.

நீ மாத்திரையை நிறுத்தியது அவனுக்கும் போன வாரம் அங்கு வந்தபோதுதான் தெரிந்ததாம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று போனில் படித்தாயாம். இனி எந்த மாத்திரையும் தொட மாட்டேன், பிள்ளை பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாயாம். மாதம் தவறாமல் "விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா" என்று உன்னைக் குடைந்தவள் நான். அதற்குப் பயந்துதான் நீ இந்த முடிவுக்கு வந்தாய். இதைப் பகலவன் சொல்லவில்லை, எனக்கே தெரிகிறது.

நேற்று அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அவனும் நானும் கள்ளக்குறிச்சியில் நரம்பு டாக்டர் எழில்மதியைப் பார்த்தோம். நீ படித்தது பொய் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். உன் அட்டையில் இருக்கிற இந்த வால்ப்ரோயேட் மாத்திரை வலிப்பை நன்றாக அடக்குமாம். ஆனால் பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண்களுக்கு முடிந்தவரை தர மாட்டார்களாம், கருவில் இருக்கும் பிள்ளைக்குக் குறை வரலாமாம். அதற்காக நீயாக நிறுத்தியது இன்னும் ஆபத்து என்றார். வலிப்பு விடாமல் வந்தால் உயிரே போய்விடுமாம். அதைச் சொன்னபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பகலவன் எழுந்து வெளியே போய்விட்டான். சாவி கொடுத்ததற்கும் தண்ணீர் ஊற்றப் போனதற்கும் எனக்குத் தனியாக டோஸ் கிடைத்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தால் போதுமாம்.

பிள்ளைக்கு அவ்வளவு கெடுதல் செய்யாத மருந்து இரண்டு இருக்கிறதாம். சீட்டில் எழுதி வாங்கி வந்தேன், பார்த்து எழுதுகிறேன்: லாமோட்ரிஜின், லெவிடிராசிட்டம். எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய டாக்டரம்மா ஒன்று கேட்டார். காலையில் எழுந்ததும் உனக்குக் கை வெடுக்கென்று துள்ளுமா என்று கேட்டு, பிடித்திருந்த பேனாவோடு செய்து காட்டினார். பேனா பறந்து மேசைக்கு அடியில் போய் விழுந்தது.

மணி, எனக்குச் சுரீர் என்றது. காபி டம்ளர்! போகிக்கு முந்தின நாள் ஒன்று, காணும் பொங்கலன்று ஒன்று, நீ விழுந்ததற்கு முதல் நாள் ஒன்று என்று உன் கையிலிருந்து எகிறி விழுந்து நசுங்கின டம்ளர். மூன்றும் காலை வேளைதான். "இன்னாடி இது, கையில வெண்ணெய தடவிக்கினு வந்தியா? எங்க வூட்ல டம்ளரு ஓசியில வருதா?" என்று மூன்று நாளும் திட்டினேன். நீ குனிந்து தரையைத் துடைத்தாய். அதுவும் வலிப்புதானாம், சின்ன வலிப்பு. டாக்டரம்மா முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ, இவ்வளவு சரியாக நாள் சொல்கிறீர்களே என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் திட்டியதால் நினைவிருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்?

லாமோட்ரிஜின் சில பேருக்கு இந்தக் கைத் துள்ளலை ஜாஸ்தி பண்ணுமாம். அதனால் உனக்கு மற்றதுதான் தோதுப்படும் போலத் தெரிகிறது என்றார். ஆனால் அதில் வேறு வம்பு. சில பேருக்குக் கோபமும் எரிச்சலும் வருமாம். "மருந்து மாத்திரை எதுவும் இல்லாமலே எங்க வூட்ல ஒருத்தி அப்பிடித்தான் இருக்கா, அவளயே வச்சிக்கினு இருக்கோம்" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு, மனசு ரொம்ப சோர்ந்தாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினாலோ அன்றைக்கே தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். அப்படித் தோன்றினால் யாரிடம் சொல்லத் தோன்றுகிறதோ அவர்களிடம் சொல். என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. கோபம் வந்தால் மட்டும் என்மேல் காட்டு. நிறைய பாக்கி இருக்கிறது.

மருந்தை எழுதிக் கொடுங்கள், மலைக்கு ஓடுகிற செல்லமுத்து ஜீப்பில் அனுப்பிவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "உடம்பு அந்தப் பொண்ணோடது. அவ வந்து உக்காந்து, எல்லாத்தையும் கேட்டு, சரின்னு சொல்லணும். நீங்க சொல்றதோ நான் சொல்றதோ போதாதுங்க" என்றார். முதலில் கர்ப்பம் உண்டா என்று ஒரு டெஸ்ட் எடுப்பாராம். கூடவே ஃபோலிக் ஆசிட் என்று ஒரு சத்து மாத்திரையும் உண்டாம். இனிமேல் உன் டப்பாவில் நிஜமாகவே சத்து மாத்திரை இருக்கும்.

தூக்கம் கம்மியானாலும் வலிப்பு வருமாம். கரும்பு ஆட்களுக்குச் சமைக்க உன்னை விடியுமுன் எழுப்பியதும் நான்தான். இனி காலைக் காபி என் பொறுப்பு, நீ எழுந்திருக்கிறபோது எழுந்திரு.

நாளை காலை பத்து மணிக்கு டாக்டரம்மா உன்னை வரச் சொல்லியிருக்கிறார். நீயாகப் பழைய மாத்திரையை ஆரம்பிக்கவும் வேண்டாம், ஒன்றும் இல்லாமல் நாளைத் தள்ளவும் வேண்டாம். அதுவரை அடுப்படிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தனியாகப் போகாதே. இந்தக் கடிதத்தோடு பகலவன் உன் வாசலில்தான் நிற்கிறான். எலுமிச்சம்பழம் இரண்டு கொடுத்திருக்கிறேன், மலை இறங்கும்போது உனக்குக் குமட்டும். உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அவரிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பேரப்பிள்ளை பேச்சை இனி எடுக்க மாட்டேன். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் கன்றுக்குட்டி இருக்கிறது. நான் கேட்பது உன்னைத்தான். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

நசுங்கின மூன்று டம்ளரையும் பழைய பாத்திரக்காரனிடம் போட எடுத்து வைத்திருந்தேன், போடவில்லை. ஒன்றில் நான்தான் காபி குடிக்கிறேன், விளிம்பு உதட்டில் இடிக்கிறது. புது மருந்து பிடிபட நாளாகும், அதுவரை கை துள்ளலாம் என்றார் டாக்டரம்மா. துள்ளட்டும். வீட்டில் இன்னும் ஒன்பது டம்ளர் இருக்கிறது. அத்தனையையும் போட்டு நசுக்கு, நான் தரையைத் துடைக்கிறேன். கதவைத் திற, கண்ணு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அத்தை
விஜயலட்சுமி