மெட்ராஸில் கிடந்த நம் மெஷின்

மாப்ளே,

இன்று போடி பஸ்ஸில் பக்கத்து ஆளின் பையிலிருந்து ஏலக்காய் வாசம். எட்டிப் பார்த்தேன், காம்பு போகாத காய். "எதுல தேய்ச்சீக?" என்று கேட்க வாயெடுத்தேன். நீ இருந்திருந்தால் என் தொடையைக் கிள்ளியிருப்பாய்: "பேச்சக் குறைடா. ஆளு யாரோ எவரோ."

காய்ந்த ஏலக்காயின் வாலும் காம்பும் உதிர, கையால் சுற்றும் கம்பிவலை உருளை ஒன்றைத் தேனியில் நம் லேத் பட்டறையில் நீ செய்தாய். பட்டறையில் எனக்குப் பாதிப் பங்கு. சந்தேகம் முழுக்க உன் பங்கு. பேட்டண்டுக்கு எழுதிப் போட்ட அன்றே மெஷினைச் சாக்குப் போட்டு மூடினாய். விண்ணப்பத் தேதி பதிவாகிவிட்டது, இனி விற்கலாம் என்றார் மதுரை வக்கீல். "அவுக அப்படித்தேன் சொல்லுவாக, அவுகளுக்கென்ன? பேட்டண்டு நம்பர் வரட்டும். அதுக்கு முன்னால ஒரு ஈ பாக்கக் கூடாது."

வருஷங்கள் போயின. மெட்ராஸ் ஆபீசிலிருந்து எது வந்தாலும் கேள்வியாகத்தான் வரும். படத்தில் இந்தப் பல் எதற்கு, வலை எந்தப் பக்கம் சாய்கிறது? "ஏலே, கேக்குற கேள்வியப் பாரு. அங்கன ஒருத்தன் செஞ்சு பாக்குறான்டா!" என்பாய். கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வியாபாரிகள் தேடி வந்தார்கள்; எல்லாரையும் வாசலோடு அனுப்பினாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு அந்த நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டது. டீ கொண்டுவருகிறவர் கொஞ்சம் நின்றால்கூட முறைத்தேன்.

ஒருநாள் கடிதம் வந்தது: விண்ணப்பம் ஏற்கப்பட்டு, அட்வர்டைஸ் செய்யப்பட்டிருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு நீ குதித்த குதி! "விளம்பரம் பண்ணிட்டானுகளா? நான் மூடி வச்சத சினிமா நோட்டீஸ் மாதிரி ஊரெல்லாம் ஒட்டிட்டானுகளா?" மதுரைக்கு ஓடினோம். வக்கீல் சிரித்துவிட்டார். "கெஜட்டுல போட்டிருக்காக. இது என்னோடதுன்னு யாராச்சும் ஆட்சேபிக்க நாலு மாசம் கெடு. அம்புட்டுத்தேன்."

நாலு மாதமும் திருடனுக்காகக் காத்திருந்தாய். குமுளி ஆளா, மெட்ராஸ் ஆளா என்று என்னிடம் பந்தயம்கூடக் கட்டினாய். ஒருத்தனும் வரவில்லை. கெடு முடிந்த அன்று நான் மிட்டாய் வாங்கி வந்தேன். நீ தொடவில்லை.

"ஒருத்தன்கூடவா மாப்ளே நம்மளப் பாக்கல?"

அந்தக் குரல் கேட்ட மனசு எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேட்டண்டுப் பத்திரம் வந்தபோது நீ இல்லை. அதற்குள் போடியில் இதே வேலைக்குக் கரண்டு மெஷின் இறங்கிவிட்டது. அதில் நம்முடையது ஒரு ஆணிகூடக் கிடையாது, நன்றாகப் பார்த்துவிட்டேன். இப்போது பட்டறைக்கு யார் வந்தாலும் உள்ளே கூட்டிப்போய், உருளையைக் கழற்றியே காட்டுகிறேன். இவராவது களவாண்டு போகமாட்டாரா என்று அவர் கண்ணையே பார்க்கிறேன், மாப்ளே.