அடுப்புச் சாமியின் வாய்

அம்மாவுக்கு, ஷாங்காயிலிருந்து ரூய்ஃபென் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

புத்தாண்டுக்கு என்னை ஊருக்கு அனுப்ப முதலாளியம்மாவுக்கு மனமில்லை. பசையரிசி மாவில் நான் அவித்த கேக்கைத் தான் செய்ததென்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அடுப்புச் சாமி இன்னைக்கு வருசக் கணக்குச் சொல்ல மேலோகம் போறாரு. நம்ம வீட்டுக் கதையெல்லாம் அங்க சொல்லிடாம, வாய் ஒட்டிக்கிற மாதிரி கேக்கை நல்லா அப்பிட்டு, அடுப்பு மேல இருக்குற அவரு படத்தக் கொளுத்து."

"சரிம்மா" என்றேன். அவர் வாயில் ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. அவருக்கென்று எடுத்த துண்டை நானே தின்றுவிட்டுப் படத்தைக் கொளுத்தினேன்.

எனக்கும் நம் வீட்டுக் கேக்கில் ஒரு துண்டு வையுங்கள். காய்ந்தாலும் வந்து வறுத்துக்கொள்கிறேன்.

முதலாளியம்மா கூப்பிடுகிறாள். கூப்பிடட்டும், சாமி இந்நேரம் மேலே போய் வாயைத் திறந்திருப்பார்.