ஏறாமல் அளந்த கூரை

சுன்னாகம்
10 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி ஜெசிதா,

நாங்கள் சுகம். நிவேதனாவுக்கு இது ஆறாம் மாதம், மாங்காய் என்றால் மட்டும் எழும்பி வருகிறாள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரிகிறாயா?

சோலார் கடையை மூடப்போகிறேன். பத்து வீட்டுக் கூரையில் ஏறி அளந்தால் ஒருவர்தான் தகடு பூட்டுகிறார். மற்ற வீடுகளுக்கு அலைந்த செலவும் அவருடைய விலையில்தான் ஏறுகிறது. "உவ்வளவு விலையோ?" என்று அவரும் பின்வாங்குகிறார். படகில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒருவனோடு கதைத்திருக்கிறேன். வைகாசி கழியப் புறப்படலாமாம். நிவேதனாவுக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே.

அண்ணை
ஜெயசுதன்

ஒஸ்லோ
14 பெப்ரவரி 2025

அன்பின் அண்ணை,

உங்கள் மின்னஞ்சலைப் பேருந்தில் வாசித்து, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். படகா? என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி வந்தவர். இன்றைக்கும் கடற்கரைக்கு வரமாட்டார்.

நான் இங்கே கைத்தொலைபேசிச் செயலிகள் வடிவமைக்கிறேன். உங்களுக்கும் ஒன்று செய்து தருகிறேன். வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் வீட்டுக்காரரே தன் கூரையை விரலால் சுற்றிக் காட்டட்டும், கரண்ட் பில்லைப் படம் எடுத்துப் போடட்டும். எத்தனை தகடு, என்ன விலை என்று உடனே வரும். உண்மையாக வாங்குகிறவர் வீட்டுக்கு மட்டும் நீங்கள் போனால் போதும், விலையும் இறங்கும்.

ஆனால் அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். அவவுக்கு என்னால் ஒளிக்க முடியாது.

ஜெசிதா

சுன்னாகம்
21 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சி,

உன் செயலி வல்வெட்டித்துறையில் என் மானத்தை வாங்கிவிட்டது. மீன் வியாபாரம் செய்கிற குணலட்சுமி அக்கா வீட்டில் அது காட்டிய இடத்திலேயே பூட்டினேன். செய்மதிப் படம் பழையது. அயல் வீட்டுத் தென்னைகள் அதற்குப் பிறகு வளர்ந்துவிட்டன. "பின்னேரம் முழுக்க நிழலடா தம்பி! கூரையைப் பாக்காமலோ வித்தனீ?" என்று அவ போட்ட சத்தத்தில் ரோட்டில் சனம் கூடிவிட்டது. தகடுகளைக் கழற்றி மற்றப் பக்கம் மாற்றிக் கொடுத்தேன்.

படகு விஷயத்தை நிவேதனாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "பிள்ளைக்கு உங்கடை போட்டோவைக் காட்டி வளக்கட்டோ?" என்று மட்டும் கேட்டாள். படகுக்காரன் பதில் கேட்டு நெருக்குகிறான்.

அண்ணை

ஒஸ்லோ
23 ஏப்ரல் 2025

அன்பின் அண்ணை,

பிழை என்னுடையது, திருத்திவிட்டேன். இனி வீட்டுக்காரர் காலையிலும் பின்னேரமும் கூரையைப் படம் எடுத்துப் போட்டால்தான் விலை காட்டும். நிழல் கூடினால், "இந்தக் கூரைக்குச் சரிவராது, வாங்க வேண்டாம்" என்று நேராகவே சொல்லும். கடைக்கு நட்டம் என்று கோபிக்காதீர்கள்.

படகுக்காரனுக்கு இப்போது பதில் சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெசிதா

சுன்னாகம்
8 ஜூன் 2025

என் அன்புத் தங்கச்சி,

மருமகன் பிறந்து மூன்று கிழமை. அழுகை உன்னுடையதேதான்.

"வேண்டாம்" என்று சொன்னதுதான் கடையைத் தூக்கி நிறுத்தியது. குணலட்சுமி அக்காவின் தங்கைக்கு அப்படி வந்ததும், "உவன் பொய் சொல்லி விக்கமாட்டான்" என்று அக்காவே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. வீடு வீடாக அலைவது நின்றதால் விலையை நன்றாகக் குறைத்துவிட்டேன். இந்த மாதம் பூட்ட ஆள் போதவில்லை.

நேற்றுப் படகுக்காரன் போன் எடுத்தான். "நான் வரேல்லை" என்றேன். "பிறகு இடம் கிடையாது" என்றான். "வேண்டாமண்ணை" என்று வைத்துவிட்டேன்.

நிவேதனா அறைக்குள் நின்று கேட்டிருக்கிறாள். வெளியே வந்து, பிள்ளையை என் தோளில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதியான நித்திரை.

இன்றைக்கும் அப்படித்தான் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அசைந்தால் எழும்பிவிடுவான். ஒரு விரலால் தட்டுகிறேன், எழுத்துப்பிழைகளைப் பொறுத்துக்கொள்.

அண்ணை