வலைக்கு அந்தப் பக்கம்

சென்னீர்குப்பம்
9.6.2025

அன்புள்ள அனு,

உன் போன் ஒரு வாரமாக அணைந்தே கிடக்கிறது. நான் போன நேரம் வீட்டில் பூட்டு. நீ வர்ஷாவைக் கூட்டிக்கொண்டு மேனாம்பேட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய் என்று பால்காரர் சொன்னார். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

தப்பு என் வாயால் வந்ததுதான். நாம் ரிங் டென்னிஸ் ஆடும் கிரவுண்டைக் கிரிக்கெட் பையன்களுக்கே விட்டுவிடப் போவதாகச் சங்கச் செயலாளர் கஜபதி அண்ணன் சொன்னார். "ரப்பர் வளையத்த தூக்கிப் போட்டுப் புடிக்கிறதுக்கு கிரவுண்டு கேக்குதா உங்களுக்கு?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் பொழுதுபோகாமல் வரவில்லை, படுத்த படுக்கையாக மனம் விட்டுப்போய்க் கிடந்த அனு இந்த ரிங்கைப் பிடித்துத்தான் எழுந்து வந்தாள் என்று சொல்லிவிட்டேன். அவர் கண் கலங்கி, இடத்தையும் கொடுத்தார்.

அந்த மனுஷர் பஸ் ஸ்டாப்பில் உன் படத்தைப் போட்டு, 'மனநோயை வென்ற வீராங்கனை' என்று பேனர் கட்டுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உனக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்திருக்கிறார். தன் படத்தைவிட உன் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார், பாவம்.

பயமாக இருக்கிறது அனு. போன வருஷம் தலைகூட வாராமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தாயே, அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, அதை மட்டுமாவது எழுது.

உன் அக்கா,
அஷ்ரஃபுன்னிசா


மேனாம்பேடு
17.6.2025

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் இல்லை.

பேனரை முதலில் பார்த்தது வர்ஷா. ஸ்கூல் வேனில் ஒரு பெண், "உங்கம்மா மெண்டலாடீ?" என்று கேட்டிருக்கிறாள். குழந்தை அன்று டிபன் டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்தது. சாயங்காலம் மாமியார், "ஊருக்கே பேனர் கட்டி சொல்றாங்கோ. என் புள்ளையண்ட மட்டும் மறச்சு கட்டி வச்சிட்டாங்கோ" என்றார். கல்யாணத்தின்போது எனக்கு ஒன்றுமே இல்லை என்று அவருக்கும் தெரியும். இவர் வாயே திறக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். போன தடவை மழைக்கு ஒதுங்கியபோது, உங்களுக்கு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுவதையும், அதற்கு மாத்திரை சாப்பிடுவதையும் என்னிடம் மட்டும் சொன்னீர்கள். டாக்டர் சுகருக்காக விளையாடச் சொன்னார் என்றுதானே ஊரில் சொல்லி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் வீட்டுக்காரர் நஜீர் அண்ணனுக்குக்கூட அப்படித்தானே? நான் யாரிடமாவது சொன்னேனா?

கிரவுண்டு வேண்டும் என்றால் உங்கள் கதையைச் சொல்லியிருக்கலாமே அக்கா.

அனுசுயா


சென்னீர்குப்பம்
22.6.2025

என் கண்ணு அனு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ கேட்டது நியாயம். உன் கதையைச் சொல்ல எனக்குக் கூச்சமே வரவில்லை. என் கதை என்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இவரிடம் சொல்லிவிட்டேன். எனக்குச் சுகர் இல்லை, இருப்பது மனப்பதற்றம், சாப்பிடுவது அதற்கான மாத்திரை என்று. "அடிப்பாவி! இத்தினி நாளா சக்கரை இல்லாத டீய போட்டுக் குடுத்துகினு கீறேனே, நானும் அதயே குடிச்சுகினு கீறேனே!" என்றார். அப்புறம் அழுதுவிட்டார். நானும்தான்.

கிரவுண்டிலும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கஜபதி அண்ணனும் இருந்தார். நம்மோடு ஆடும் நிஷா ரிங்கைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் சுகர் இல்லக்கா" என்றாள்.

பேனரை இறக்கியாகிவிட்டது. இறக்கியது உன் வீட்டுக்காரர். யாரையும் கிட்டே விடாமல் உதயகுமாரே ஏணி போட்டு ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். உன் முகம் மடங்காமல் சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டு போனார்.

திட்டியாவது ஒரு வரி எழுது. போஸ்ட்மேன் தெருவுக்குள் நுழைந்தாலே படபடப்பு வந்துவிடுகிறது. நீ மறுபடி படுத்துவிட்டாயோ என்றுதான் மனசு போகிறது. தொழுகையில் உனக்காக துஆ கேட்காத வேளை இல்லை.

அஷ்ரஃப் அக்கா


சென்னீர்குப்பம்
14.7.2025

அனு,

பதிலே இல்லை. மேனாம்பேடு வரை வந்து, உன் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். என்னைப் பார்த்தால் உனக்கு இன்னும் மோசமாகுமோ என்று பயம். வெறும் தபால் அட்டையாவது போடு. கையெழுத்து உன்னுடையதாக இருந்தால் போதும்.

அக்கா


மேனாம்பேடு
4.8.2025

அன்புள்ள அக்கா,

படுத்திருந்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை. சில நாள் அப்படித்தான் போயிற்று. டாக்டரைப் பார்த்தேன், மாத்திரையை நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் வந்தார். "அன்னிக்கு எங்கம்மாவ நான் அடக்கியிருக்கணும்" என்றார். பிறகு, பேனரோடு அவிழ்த்து வந்த கயிற்றை அம்மா வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் வலைக்குப் பதிலாக இழுத்துக் கட்டிவிட்டு, வர்ஷாவிடம் ஒரு ரிங்கைக் கொடுத்தார். அவள் விடவில்லை, என்னை இழுத்துக்கொண்டு போனாள். இப்போது எதிர்வீட்டுக்காரிகளும் வருகிறார்கள். ஏன் ஆடுகிறாய் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. பிடித்த ரிங்கை உடனே விட வேண்டும், கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் ஃபவுல். அதுதான் எனக்கு ஒத்துவருகிறது.

உங்கள் மேல் கோபம் போகவில்லை அக்கா. இனி உங்களோடு ஜோடியாக ஆட என்னால் முடியாது. பக்கத்தில் நின்றால், என்னைப் பற்றி யாரிடம் என்ன சொல்கிறீர்களோ என்று உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நிஷாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். தெருமுனையில் நிற்காமல் உள்ளே வாருங்கள். அம்மா டீ போடுவாள், சர்க்கரை போட்டே. எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வலைக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். ரிங்கைப் பலமாகவே போடுங்கள். பாவம் பார்த்து மெதுவாகப் போட்டால் அத்தோடு ஆட்டத்தை நிறுத்திவிடுவேன்.

அனு